செல்லப்பிராணித் தீவனமும் சிறுநீரகமும்: ஓர் அச்சத்தின் பின்னணி

சிறுநீரக நோய்ப் பிரிவின் புறநோயாளர் அறையில் உணவைப் பற்றிய கேள்வி எழாத நாள் இல்லை. உப்பு எவ்வளவு, பருப்பு எவ்வளவு, இளநீர் பருகலாமா, வாழைப்பழம் உண்ணலாமா என்பவை வழக்கமான கேள்விகள். அண்மைக் காலமாக இவற்றோடு வேறொன்றும் சேர்ந்துள்ளது. "வீட்டில் நாய் வளர்க்கிறோம். கடையில் விற்கும் பாக்கெட் தீவனத்தால் வெளிநாட்டில் நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாகச் சொல்கிறார்கள். அது உண்மையா? அந்தத் தீவனத்தை நாள்தோறும் கையால் அள்ளிப் போடுபவர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட எங்கள் தந்தை. அவருக்கு ஏதேனும் ஆகுமா?" என்று கேட்கின்றனர்.

இக்கேள்வியைக் கேட்போர் சற்றுத் தயக்கத்துடனேயே கேட்கின்றனர். நாயைப் பற்றி மனித மருத்துவரிடம் கேட்கலாமா என்பது அவர்களின் கூச்சம். கூச்சத்திற்கு இடமில்லை. அவர்கள் கேள்விப்பட்ட நிகழ்ச்சி உண்மையானது. அது சிறுநீரகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்று பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் நேர்ந்ததை உலகம் சரியாகப் புரிந்துகொண்ட மறு ஆண்டே அதே நஞ்சு பச்சிளங்குழந்தைகளைத் தாக்கியது என்பதே அதற்குக் காரணம்.

2007ஆம் ஆண்டு பிப்ரவரியில், கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட மெனு ஃபுட்ஸ் என்னும் நிறுவனத்திற்குப் புகார்கள் வரத் தொடங்கின. அந்நிறுவனம் பல வணிகப் பெயர்களுக்காக ஈரத் தீவனம் தயாரித்து டின்களிலும் சிறு பைகளிலும் அடைத்துக் கொடுத்துவந்தது. குழம்பில் இறைச்சித் துண்டுகள் மிதப்பது போன்ற அந்தத் தீவனத்தை உண்ட பூனைகளும் நாய்களும் வாந்தியெடுத்தன, உணவை மறுத்தன, மிகுதியாக நீர் பருகின, பின்னர் சிறுநீர் பிரிவது குறைந்து சோர்ந்து விழுந்தன. நிறுவனம் தானே நடத்திய உணவுச் சோதனையிலும் விலங்குகள் இறந்தன. மார்ச் 16ஆம் நாள் ஏறத்தாழ 6 கோடி டின்களும் பைகளும் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் வேறு பல நிறுவனங்களும் தத்தம் பொருள்களைத் திரும்பப் பெற்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வணிகப் பெயர்கள் அப்பட்டியலில் இடம்பெற்றன. விலை மலிவான பொருளும் விலை உயர்ந்த பொருளும் ஒரே ஆலையில், ஒரே மூலப்பொருளிலிருந்து தயாராகி வந்தன என்பதை வாங்கியோர் அப்போதுதான் அறிந்தனர். முதல் நான்கு வாரங்களில் மட்டும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திற்கு 14,000க்கும் மேற்பட்ட புகார்கள் சென்றன.

காரணம் என்ன என்பதில் தொடக்கத்தில் குழப்பம் நிலவியது. நியூயார்க் மாநில ஆய்வகம் ஒன்று, அமினாப்டெரின் என்னும் பழைய மருந்துப்பொருள் தீவனத்தில் இருப்பதாக மார்ச் 23ஆம் நாள் அறிவித்தது. எலிப்பாஷாணம் கலந்துவிட்டது என்று நாடெங்கும் பேச்சாயிற்று. பிற ஆய்வகங்களால் அதனை உறுதிசெய்ய இயலவில்லை. ஒரு வாரத்திற்குள், சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருப்பது தெரியவந்தது.

மெலமின் நமக்குப் புதிய பெயரன்று. கீழே விழுந்தால் உடையாத தட்டுகளும் கிண்ணங்களும் செய்யப் பயன்படும் பிசினின் மூலப்பொருள் அது. தட்டு செய்யும் பொருளைத் தீவனத்தில் ஏன் கலக்க வேண்டும்? இதற்கான விடை புரதத்தை அளக்கும் முறையில் இருக்கிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்பது நலம். புரதத்தின் அளவைக் கணக்கிட்டு உண்ண வேண்டிய நிலையிலுள்ள நம் நோயாளிகளுக்கு அது வேறு வகையிலும் பயன்படும்.

உணவில் புரதம் எவ்வளவு உள்ளது என்று கண்டறிய, டென்மார்க் நாட்டு வேதியியலர் யோஹான் கெல்டால் 1883ஆம் ஆண்டு ஒரு முறையை வகுத்தார். மாவுச்சத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் இல்லை, புரதத்தில் உண்டு. புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைத்துவிடும். எளிய முறை, செலவு குறைந்த முறை, நூறாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் பின்பற்றப்பட்ட முறை. ஆனால் அது புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அது புரதத்திலிருந்தே வந்திருக்கும் என்று நம்பிக்கொள்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் கலப்படம் செய்தோர் பயன்படுத்திக்கொண்டனர். மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமினைச் சேர்த்தால், ஆய்வகக் கணக்கில் நான்கு கிராமுக்கும் மேற்பட்ட புரதம் கூடியதாகத் தோன்றும். மலிவான கோதுமை மாவில் மெலமினைக் கலந்து, அதனைக் கோதுமைப் புரதம் என்று பெயரிட்டு விற்றுவிட்டனர். புரதத்திற்கு உரிய விலையும் கிடைத்தது.

இந்நுட்பம் விலங்குத் தீவனத்தோடு நின்றுவிடவில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கப்படும் புரத மாவுகள் சிலவற்றில் கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களைக் கலந்து நைட்ரஜன் கணக்கை உயர்த்திக் காட்டும் வழக்கம் உண்டு. இளைஞர் ஒருவர் கிரியாட்டினின் அளவு கூடி நம்மிடம் வரும்போது, அவர் உட்கொள்ளும் மாவின் டப்பாவையும் கொண்டுவரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இது இடையில் வந்த செய்தி. மீண்டும் பூனைகளிடம் வருவோம்.

மெலமின் கண்டறியப்பட்ட பின்னும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. பழைய நச்சியல் ஆய்வுகளின்படி மெலமின் அவ்வளவு கொடிய நஞ்சன்று. மிகுந்த அளவில் கொடுத்தால்தான் தீங்கு. அப்படியிருக்கச் சிறிய அளவு மெலமின் எவ்வாறு சிறுநீரகத்தை நிறுத்தியது? இறந்த விலங்குகளின் சிறுநீரகங்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், சிறுநீர் நுண்குழல்கள் மஞ்சளும் பழுப்பும் கலந்த உருண்டைப் படிகங்களால் அடைபட்டிருப்பதைக் கண்டனர். சக்கரத்தின் ஆரங்களைப் போல நடுவிலிருந்து கோடுகள் விரியும் படிகங்கள் அவை. அவற்றைப் பிரித்து ஆராய்ந்தபோது மெலமினோடு சயனூரிக் அமிலம் என்னும் மற்றொரு பொருளும் இருந்தது. தூய்மையற்ற மெலமின் கழிவைக் கலந்ததால் அதுவும் உடன் வந்திருந்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று விடையைத் தெளிவாக்கியது. மெலமினை மட்டும் உண்ட பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. சயனூரிக் அமிலத்தை மட்டும் உண்ட பூனைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்து உண்டவற்றுக்கு இரண்டே நாளில் சிறுநீரகம் செயலிழந்தது. இரண்டும் தனித்தனியே இரத்தத்தில் கரைந்து சிறுநீரகத்தை அடைகின்றன. அங்கு நீர் உறிஞ்சப்பட்டுச் சிறுநீர் செறிவடையும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கரையாத படிகமாகி நுண்குழலை அடைத்துவிடுகின்றன. பாலைவன மரபில் வந்த பூனையினம் சிறுநீரை மிகவும் செறிவாக்கும் இயல்புடையது என்பதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும்.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டே ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் இதே போன்று பெருமளவில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அப்போது தீவனத்தில் பூஞ்சை நஞ்சு கலந்திருக்கலாம் என்று முடிவு செய்து அதனை விட்டுவிட்டனர். 2007க்குப் பின் அந்நாய்களிடமிருந்து சேமித்து வைத்திருந்த திசுக்களை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றிலும் மெலமினும் சயனூரிக் அமிலமும் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை அது.

2008ஆம் ஆண்டு செப்டம்பரில் சீனாவில் குழந்தைகள் நோயுற்ற செய்தி வெளிவந்தது. பாலில் தண்ணீரைக் கலந்து, குறைந்த புரதத்தை மறைக்க மெலமினைச் சேர்த்திருந்தனர். அப்பாலிலிருந்து தயாரான பால்மாவை உண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 2,94,000 பேர் பாதிக்கப்பட்டனர். 50,000க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசு உறுதிசெய்தது. சான்லு என்னும் நிறுவனத்தின் பால்மா மாதிரி ஒன்றில் கிலோவுக்கு 2,563 மில்லிகிராம் மெலமின் இருந்தது. இம்முறை சயனூரிக் அமிலத்தின் துணை தேவைப்படவில்லை. பெரும்பாலான பாலூட்டி விலங்குகளில் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி ஒன்றுண்டு. மனிதனுக்கு அது இல்லை. பச்சிளங்குழந்தைகளின் சிறுநீரில் யூரிக் அமிலம் இயல்பாகவே மிகுதி. மெலமின் அதனோடு சேர்ந்து கல்லாயிற்று. அக்கற்கள் சாதாரண எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையால்தான் குழந்தைகள் இனங்காணப்பட்டனர்.

பூனையையும் நாயையும் பச்சிளங்குழந்தையையும் ஒரே வரிசையில் நிறுத்தியது எது? உண்ணும் முறைதான். நாம் காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் சுண்டல் என்று பலவற்றை உண்கிறோம். ஒன்றில் குறை இருப்பின் மற்றவை அதன் பங்கைக் குறைத்துவிடும். பாக்கெட் தீவனம் மட்டுமே உண்ணும் நாயும், பால்மா மட்டுமே பருகும் குழந்தையும் ஒரே பொருளையே, ஒரே ஆலையிலிருந்து, வேளைதோறும் பெறுகின்றன. அப்பொருளில் பிழை நேர்ந்தால் அது முழுவதும் அவ்வுடலிலேயே சேரும். உடல் எடை குறைவு என்பதால் கிலோ கணக்கில் பார்த்தால் நஞ்சின் அளவு இன்னும் கூடும். குழாய் வழியே ஒரே சத்துமாவைப் பெறும் நம் படுக்கை நோயாளிகளுக்கும் இது பொருந்தும். அவர்களது உணவு டப்பாவின் தொகுப்பு எண்ணைச் செவிலியர் குறித்து வைப்பது வெற்றுச் சடங்கன்று.

இந்நிகழ்ச்சிகளுக்குப் பின் விதிகள் இறுகின. உடலின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 0.2 மில்லிகிராம் வரை மெலமின் தாங்கத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனம் 2008 டிசம்பரில் வரையறுத்தது. குழந்தைகளுக்கான பால்மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், பிற உணவுகளிலும் விலங்குத் தீவனத்திலும் 2.5 மில்லிகிராம் என்னும் உச்சவரம்புகள் 2010இல் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்டன. அமெரிக்காவில் 2011இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் விலங்குத் தீவன ஆலைகளையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் நிலைமை சற்று வேறு. நமது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, "உணவு" என்பதற்கு வகுத்துள்ள இலக்கணத்திலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கிவைத்துள்ளது. ஆகவே பிஸ்கட் பாக்கெட்டுக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் அச்சட்டத்தின்கீழ் உள்ள கண்காணிப்பு நாய்த் தீவனப் பைக்கு இல்லை. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. குழந்தை தவழும் அதே தரையில்தான் அத்தீவனமும் சிந்திக் கிடக்கிறது.

மெலமினுக்குப் பின் தீவனத்தில் பிழையே நேரவில்லை என்று சொல்ல இயலாது. உலர்ந்த கோழி இறைச்சித் துண்டுகளைத் தின்பண்டமாக உண்ட நாய்கள் அமெரிக்காவில் 2007 முதல் பல ஆண்டுகள் நோயுற்றன. 2014 மே வரை 5,600க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய புகார்கள் பதிவாயின. அவற்றில் 1,000க்கும் மேற்பட்டவை இறந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வெளியேறியது. நுண்குழல்கள் பழுதடைந்ததன் அடையாளம் அது. விரிவாக ஆராய்ந்தும் காரணம் பிடிபடவில்லை. வைட்டமின் டி மிகையாகச் சேர்ந்துவிட்ட டின் தீவனங்கள் 2019இல் திரும்பப் பெறப்பட்டன. வைட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும், மனிதருக்கும் அவ்வாறே. மருத்துவர் ஆலோசனையின்றி வைட்டமின் டி ஊசிகளை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டு வரும் முதியோரை எங்கள் பிரிவில் கண்டுவருகிறோம். 2020ஆம் ஆண்டு இறுதியில், சோளம் கலந்த உலர் தீவனம் ஒன்றில் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு மிகுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் பதிவாயின.

இவற்றைப் படித்துவிட்டு, "இனி பாக்கெட்டே வேண்டாம், வீட்டுச் சோறே போதும்" என்று முடிவெடுப்போர் உண்டு. அம்முடிவை அவ்வளவு எளிதாக ஏற்பதற்கில்லை. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சிற்றூர்களில் மஞ்சட்காமாலை ஒன்று பரவியது. 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டதே காரணம். அஃப்ளடாக்சின் அங்கும் இருந்தது. அவ்வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களுக்கும் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்து அவையும் இறந்தன. அந்த உணவு எந்த ஆலையிலும் தயாரானதன்று. அவர்கள் வயலில் விளைந்தது.

நம் வீடுகளிலோ நாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் மிஞ்சிய சாம்பார் சோறும் குழம்புச் சோறும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பையே உண்டாக்கும். சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிடால் நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்தும். வெறும் சோறும் கோழிக்கறியும் மட்டும் உண்டு வளரும் நாய்க்கு கால்சியம் போதாது. வீட்டிலேயே சமைத்துப் போட விரும்புவோர் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுச் செய்வதே முறை. என்னைக் கேட்டால், முறையாக அடைக்கப்பட்ட நல்ல தீவனத்தை வாங்கிச் சரியாகப் பாதுகாப்பதே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது என்பேன். 2007இன் நிகழ்ச்சி கொடியதுதான். ஆனால் அத்தகையவை அரிதாகவே நிகழ்கின்றன.

இனி முதல் கேள்விக்கு வருவோம். தீவனத்தைத் தொடுவதால் மெலமினோ பிற இரசாயனமோ மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. நாய்க்கு வந்த சிறுநீரகச் செயலிழப்பு பொதுவாக நமக்குத் தொற்றுவதும் இல்லை. எலிக்காய்ச்சல் மட்டும் இதற்கு விலக்கு. அதனைப் பிறகு காண்போம். தொடுவதால் வரக்கூடியது கிருமி. சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா உலர் தீவனத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய்க்கு நோய் ஏதும் இல்லாமலேயே அதன் எச்சத்தில் வெளிப்படும். 2006 முதல் 2008 வரை அமெரிக்காவின் 21 மாநிலங்களில் 79 பேர் ஒரே வகைச் சால்மொனெல்லாவால் நோயுற்றனர். ஆராய்ந்தபோது ஓர் உலர் நாய்த் தீவன ஆலை பிடிபட்டது. அவர்களில் கணிசமானோர் மழலைகள். குழந்தைகள் தீவனத்தை எடுத்துத் தின்றதால் வந்திருக்கும் என்றே முதலில் எண்ணினர். ஆனால் சமையலறையில் வைத்து நாய்க்குத் தீவனம் போட்ட வீடுகளின் குழந்தைகளுக்கே நோய் மிகுதியாக வந்தது. கிண்ணத்தைக் கழுவிய தொட்டி, தீவனம் தொட்ட கை, அதே மேடையில் வைத்த பால்புட்டி என்று அது பரவியிருக்க வேண்டும். 2012இல் வேறோர் ஆலையின் தீவனத்தால் மேலும் 49 பேர் நோயுற்றனர்.

நல்ல உடல்நிலை உடையவர்க்கு இது பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு தீர்ந்துவிடும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்க்கும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்கும் அது இரத்தத்தில் கலந்து உயிருக்கே கேடாகலாம். ஆகவே அவர்கள் இருக்கும் வீட்டில் தீவனம் போடும் வேலையையும் நாயின் எச்சத்தை அகற்றும் வேலையையும் வேறொருவர் ஏற்பது நல்லது. தனியே வாழ்வோர்க்கு அது இயலாது. அவர்கள் கையால் அள்ளாமல், அதற்கென்றே வைத்த கரண்டியால் எடுத்துப் போட்டு, சோப்பு நீரில் 20 விநாடி கை கழுவ வேண்டும். கிண்ணத்தைச் சமையல் பாத்திரத் தொட்டியில் கழுவக் கூடாது. வெளிக் குழாயில் கழுவுங்கள். பச்சைக் கோழியும் பச்சைக் குடலும் போட்டு வளர்ப்பது இப்போது சிலரிடம் பரவிவருகிறது. நோயெதிர்ப்பு குறைந்தவர் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்; இதில் எனக்கு இரு கருத்தில்லை.

நாயையே வேறெங்காவது அனுப்பிவிட வேண்டுமா என்று கேட்போர்க்கு, வேண்டாம் என்பதே என் விடை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கழிக்கும் ஒருவர், மற்ற நாள்களில் மாலை நடைக்குக் கிளம்புவது நாயின் பொருட்டுத்தான் என்றால், அந்த நடையைப் பறிக்க எனக்கு மனம் வராது.

மெலமினைப் பற்றி அஞ்சுவோரில் பலர் கவனியாத ஒன்றுண்டு. நம் ஊரில் நாய்த் தீவனத்தால் மனிதச் சிறுநீரகத்திற்கு வரக்கூடிய மெய்யான ஆபத்து எலி வழியே வருவது. இரவில் முற்றத்தில் வைத்த கிண்ணத்தில் மிஞ்சும் தீவனம் எலிகளுக்கு விருந்து. வாய் திறந்த சாக்கும் அவ்வாறே. எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி உண்டு. ஈரமான தரையில் அது நெடுநாள் வாழும். வெறுங்காலோடு நடப்பவரின் வெடிப்பு வழியாகவும் கீறல் வழியாகவும் உடலுள் நுழையும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவத்தல், பின்னர் காமாலை, சிறுநீர் குறைதல் என்று வெளிப்படும். இதுவே எலிக்காய்ச்சல். மழைக்காலந்தோறும் இந்நோயால் சிறுநீரகம் செயலிழந்து வருவோரைக் காண்கிறோம். விரைவில் வந்தால் பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற பழைய மருந்துகளே போதும். தற்காலிகமாக டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களிலும் பெரும்பாலோர்க்குச் சிறுநீரகம் மீள்கிறது. நாய்க்கும் இந்நோய் வரும். அதன் சிறுநீர் வழியே வீட்டாருக்கும் பரவும். ஆண்டுதோறும் நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான பாதுகாப்பும் அடங்கியுள்ளதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரவில் கிண்ணத்தை உள்ளே எடுத்து வையுங்கள்.

தீவனம் வாங்குவதில் சிலவற்றைக் கவனிக்கலாம். மூட்டையைப் பிரித்து வைத்து, கிலோ கணக்கில் அளந்து தரும் கடைகளில் வாங்காமல் இருப்பது நல்லது. அதில் தயாரிப்பு நாளும் இல்லை, தொகுப்பு எண்ணும் இல்லை, எத்தனை நாள் காற்றுப்பட்டது என்பதும் இல்லை. சிறிய பையாக வாங்குங்கள். டப்பாவில் கொட்டினாலும் பையைத் தூக்கி எறியாமல், தீவனம் தீரும் வரை வைத்திருங்கள். பிழை நேர்ந்தால் எந்தத் தொகுப்பு என்று சொல்லும் ஆவணம் அதுதான். ஈரவாடை அடித்தாலோ கட்டிதட்டினாலோ போட வேண்டாம். நாய் வழக்கத்திற்கு மாறாக மிகுதியாக நீர் பருகி, அடிக்கடி சிறுநீர் கழித்து, வாந்தியெடுத்து, உணவை மறுத்தால், அத்தீவனத்தை நிறுத்திவிட்டுப் பையோடு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். நமக்குச் செய்யும் யூரியா, கிரியாட்டினின் பரிசோதனைகளையே அவர்களும் செய்வார்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்க்கு ஒரு தனிக் குறிப்பு. வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, உடன் காய்ச்சல் இருந்தாலோ, வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் மருந்து குடலிலிருந்து கூடுதலாக இரத்தத்தில் ஏறும். உடலில் நீரும் குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து புதிய சிறுநீரகத்தைத் தாக்கும். அதற்கஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. உறுப்பு நிராகரிப்பு நேரும். அன்றே மாற்றுச் சிறுநீரகப் பிரிவுக்கு வந்து இரத்தத்தில் மருந்தின் அளவையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் வீட்டில் நாயோ பூனையோ இருப்பதையும், அதற்கு என்ன தீவனம் போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லலாம்.